சைக்கிள் ஏறுவார்க்குக் காப்பு யாது?

மாலையிற் பாடங்கள் முடிந்து மணி ஒலித்ததும், நமது கலாசாலை வாயிலண்டை சற்றே நின்று பார்ப்போமாக. மரநிழலில் நிறுத்தியிருந்த சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு மாணாக்கரும் மாணாக்கியரும் கூட்டங்கூட்டமாக வருகின்றனர். வாயிலுக்கு உட்பட்ட வரையில் சிரிப்பும் பேச்சுமே கேட்கின்றன. வாயிலைக் கடந்ததும் பேச்சு அடங்கிவிடுகின்றது. எதிரே பெருஞ்சாலை. பஸ்களும் லாரிகளும் மோட்டார்களும் ஒன்றை ஒன்று முந்தி விரைகின்றன. நம் மாணாக்கன் ஒரு காலைத் தரையிலும் மற்றொரு காலைப் பெடலிலும் வைத்து நின்று, அவ்வரிசையில் ஓர் இடைவெளி தோன்றாதா என்று கழுத்தை நீட்டிப் பார்க்கின்றான். தோன்றியதும் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு புகுகின்றான். நாள்தோறும் நிகழ்வது இது. நாள்தோறும் நிகழ்வதனாலேயே இதிலுள்ள அபாயம் நமது கண்ணிற் படுவதில்லை.

இவ்வபாயத்தை நீக்க வழி தேடுவோர் உளர். அவருள் எஞ்சினீயரிங் கலாசாலை மாணாக்கர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். இறுதி வகுப்பிலே, பட்டம் பெறுதற்கு முன், தாமே ஒரு பொருளைத் தெரிந்துகொண்டு ஆராய்ந்து, ஒரு கருவியையேனும் ஒரு முறையையேனும் அமைத்துக் காட்டல் அவர் கடன். அங்ஙனம் தெரிந்துகொள்ளப்படும் பொருள்களுள் சைக்கிள் ஏறுவாரின் பாதுகாப்பும் ஒன்று. ஒருவர் புதுவகை விளக்கு அமைப்பர். ஒருவர் தலைக்கவசத்தில் மின்கருவி பொருத்துவர். மற்றொருவர் பின்னால் நெருங்கும் வண்டியை அறிவிக்கும் மணி செய்வர். இம்முயற்சிகளை நாம் மனமாரப் போற்றுகின்றோம். ஆயினும் இவற்றை மதிக்கும் முறையைப்பற்றி நமக்கு ஒரு கருத்து உண்டு. கருவி எத்துணை நுட்பமானது என்பதைக் கொண்டு இத்தகைய பணியை மதித்தல் போதாது. அம்மாணாக்கர் எக்கேள்வியோடு தொடங்கினார் என்பதைக் கொண்டே மதித்தல் வேண்டும். கேள்வி குறுகியதாயின் விடையும் குறுகியதாகும். இதனை விளக்க, உண்மையில் நிகழ்ந்த சில வரலாறுகளை ஈண்டு எடுத்துக் காட்டுவாம்.

நாம் இன்று ஏறும் சைக்கிள் பாதுகாப்பை நாடிப் பிறந்த வண்டி என்பதை நம்மிற் பலர் அறியார். 1870-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஓடிய சைக்கிளின் முன்சக்கரம் மிகப் பெரிது; பின்சக்கரம் மிகச் சிறிது. ஏறுவோன் அப்பெருஞ் சக்கரத்தின் உச்சியிலே அமர்ந்திருப்பான். ஒரு சிறு கல் தடுக்கினும் தலைகீழாக முன்னே வீழ்வான். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் கவன்ட்ரி நகரில் ‘ரோவர்’ என்னும் வண்டியைச் செய்தார். அதன் இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஓரளவின; பெடலின் விசை செயின் வழியாகப் பின்சக்கரத்திற்குச் சென்றது; ஏறுவோனது கால் எளிதில் தரையை எட்டியது. அவ்வகை வண்டிக்கு வழங்கிய பெயரே ‘பாதுகாப்புச் சைக்கிள்’ என்பது. விழுகின்றவன் தலைக்கு எத்தலையணையைக் கட்டலாம் என்று ஸ்டார்லி கேட்டிலர்; அவன் ஏன் விழுகின்றான் என்று கேட்டார். காரணத்தைக் கண்டார்; அதனை நீக்கினார். அக்கேள்வியின் பெருமையை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

நிற்க. நம் காலத்து மாணாக்கர் இருவர் செய்த பணி ஒன்றைக் காண்போம். ஸ்வீடன் தேசத்தில் 2005-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து, பதினைந்து வயதிற்கு உட்பட்டோர் சைக்கிள் ஏறும்போது தலைக்கவசம் அணிதல் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. வயது வந்தோர்க்கு அச்சட்டம் இல்லை. அவருட் பலர் கவசத்தை விரும்பவும் இல்லை. லுண்ட் சர்வகலாசாலையில் பொருளமைப்புக் கலை பயின்ற அன்னா ஹாப்ட், தெரேசே அல்ஸ்டின் என்னும் பெண்மணியர் இருவர் இதனைத் தம் இறுதிப் பணிக்குப் பொருளாகக் கொண்டனர். விருப்பத்தோடு அணியத்தக்க கவசம் எத்தகையதாயிருக்கும் என்பதே அவர்களுடைய கேள்வி. அவர்கள் கண்ட விடை கழுத்தைச் சுற்றி அணியும் ஒரு பட்டை. அதனுள்ளே காற்றுப்பை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஏறுவோனது அசைவை உணர்கருவிகள் இடையறாது அளந்துகொண்டிருக்கும். அசைவு விபத்தின் தன்மையதாயின், விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் பை விரிந்து தலையைச் சூழ்ந்துகொள்ளும். ‘ஹோவ்டிங்’ என்னும் பெயரோடு 2011-இல் அது விற்பனைக்கு வந்தது.

இதன் பிற்கால வரலாறு நம் மாணாக்கர் ஊன்றி நோக்கத்தக்கது. 2016-இல் அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் இப்பையையும் சாதாரணக் கவசத்தையும் உயரத்திலிருந்து வீழ்த்திச் சோதித்தனர். தலைக்கு நேரும் அதிர்ச்சியைச் சாதாரணக் கவசத்தினும் பன்மடங்கு இப்பை குறைப்பதாகக் கண்டனர். ஆனால் அச்சோதனையிற் பை முன்னரே விரிக்கப்பட்டிருந்தது. விரிந்த பை காக்கும் என்பது ஒன்று; வேண்டிய கணத்தில் அது தவறாது விரியும் என்பது மற்றொன்று. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஸ்வீடன் நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தார், அதன் காப்பில் ஐயமுற்று, விற்பனையை நிறுத்துமாறு கட்டளையிட்டனர். அம்மாதத்திலேயே அந்நிறுவனம் நொடித்துப்போயிற்று. அவ்விருவரது முயற்சியை இகழ்தற்காக இதனைக் கூறினோம் அல்லோம். மேசைமீது இயங்கிக் காட்டும் கருவிக்கும், ஓர் உயிரை நம்பி ஒப்படைக்கத்தக்க கருவிக்கும் இடையேயுள்ள தூரம் எத்துணைப் பெரிது என்பதை இது காட்டுகின்றது.

மற்றொரு பணி இங்கிலாந்திலுள்ள பிரைட்டன் சர்வகலாசாலையில் தோன்றியது. எமிலி புரூக் என்னும் மாணவி 2011-ஆம் ஆண்டளவில் தம் இறுதிப் பணிக்காகச் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்தார். கருவி ஒன்றைச் சிந்திப்பதற்கு முன்னே, விபத்துகள் எவ்வாறு நேர்கின்றன என்பதைத் தேடினார்; வண்டி ஓட்டுவாரின் மனநிலையை ஆராயும் அறிஞரையும் கலந்துகொண்டார். அவர் எடுத்துக்காட்டிய கணக்கின்படி, விபத்துக்குள்ளான சைக்கிள்காரருள் நூற்றுக்கு 79 பேர் நேர்வழியிற் சென்றுகொண்டிருந்தவர். மற்றொரு வண்டி திரும்பி அவர்மீது வந்தது. அந்நாட்டிலும் நம் நாட்டிற்போலவே வண்டிகள் இடப்பக்கமாகச் செல்லும். இடப்புறம் திரும்பும் லாரியின் ஓட்டுநருக்குத் தன் வண்டியின் இடப்பக்கத்தை ஒட்டி வரும் சைக்கிள் கண்ணாடியில் தெரிவதில்லை. சைக்கிள்காரனை அவர் காணமாட்டாராயின், அவனுக்கு முன்னே ஓர் அடையாளத்தை அனுப்பினால் என்ன என்று எண்ணினார் எமிலி. ஹாண்டில்பாரிற் பொருத்திய ஒரு விளக்கு, சில மீட்டர் முன்னே சாலைத் தரையிற் பச்சை ஒளியால் ஒரு சைக்கிளின் வடிவத்தை வரைந்துகொண்டே செல்லும். ஓட்டுநர் முதலில் அவ்வடிவத்தைக் கண்டு எச்சரிக்கை அடைவார்.

அவ்விளக்கு 2016 முதல் லண்டன் நகரத்து வாடகைச் சைக்கிள்களிலும் பொருத்தப்படலாயிற்று. அதற்கு முன் அங்குள்ள போக்குவரத்து ஆராய்ச்சிச்சாலையார் அதனைச் சோதித்தனர் என்பதையும் நாம் கருதுதல் வேண்டும். தானே கண்டு தானே மெச்சிக்கொள்ளுதலோடு நில்லாது, பிறர் அளந்து பார்க்கும்படி தம் பணியை ஒப்படைத்தல் விஞ்ஞானத்தின் நேர்மை. நம் மாணாக்கர் பணிகள் பல ஆண்டு விழாப் பொருட்காட்சியோடு முடிந்துவிடுகின்றன. மேசைமீது இயங்கியது, விருந்தினர் வியந்தனர், பரிசும் கிடைத்தது, மறுவாரம் அது அலமாரிக்குட் சென்றது. இந்நிலை மாறுதல் வேண்டும்.

இவ்விரு பணிகளையும் ஒப்பு நோக்குவோம். முதலாவது, மோதல் நேர்ந்த பின் தலை உடையாதிருக்க வழி யாது என்று கேட்டது. இரண்டாவது, மோதல் நேராதிருக்க வழி யாது என்று கேட்டது. ஆதலின் இரண்டாவது கேள்வி ஒருபடி உயர்ந்தது என்போம். ஆனால் இரண்டிற்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. இரண்டும் சைக்கிள்காரனே விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டியவை. விபத்தை உண்டாக்கும் ஆற்றல் லாரியினிடத்து உள்ளது. அதனைத் தடுக்கும் பொறுப்போ சைக்கிள்காரனுடைய தலையிலும் பணப்பையிலும் சுமத்தப்படுகின்றது. பிள்ளையின் பள்ளிச் சம்பளத்திற்கே வழி தேடும் தந்தை, பச்சை ஒளி வீசும் விளக்கை எங்ஙனம் வாங்குவான்? ஆகவே மூன்றாவது கேள்வி ஒன்று எழுதல் வேண்டும். அபாயம் அவ்விடத்தில் ஏன் இருக்கின்றது என்பதே அது. ஸ்டார்லியின் கேள்வியும் இவ்வினத்ததே. அவர் காலத்தில் அபாயம் வண்டியின் அமைப்பில் இருந்தது. இன்று சாலையின் அமைப்பில் இருக்கின்றது.

இதனைப் பௌதிகம் பயிலும் எவரும் ஒரு சிறு கணக்கால் அறியலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 8 மீட்டர் செல்லும். எதிரே ஒரு சைக்கிள் குறுக்கிடுவதைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு விநாடி ஆகும் என்று கொள்வோம். பிரேக் நன்றாகப் பற்றினால் பின்னும் 5 மீட்டரில் வண்டி நின்றுவிடும். ஆக மொத்தம் 13 மீட்டர். வேகம் 50 கிலோமீட்டராயின், பிரேக்கை அழுத்துமுன்னரே வண்டி 14 மீட்டர் சென்றிருக்கும். நிற்பதற்கு மேலும் 14 மீட்டர் வேண்டும். ஆகவே 14 மீட்டர் தொலைவில் ஒரு பிள்ளை குறுக்கே வருவானாயின், முதல் வண்டி அவனைத் தீண்டாது நிற்கும். இரண்டாவது வண்டி வேகம் சிறிதும் குறையாமல் அவன்மீது மோதும். வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதால், அம்மோதலின் ஆற்றல் 30 கிலோமீட்டர் மோதலின் ஆற்றலைப்போல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. அப்பிள்ளையும் அவனே, சைக்கிளும் அதுவே, அவன் செய்த பிழையும் ஒன்றே. அவன் உயிரோடு வீடு சேர்வதும் சேராததும் சாலையின் வேகத்தைப் பொறுத்தன. இவ்வேறுபாட்டைச் செய்ய வல்ல கருவி எக்கடையிலும் விற்கப்படுவதில்லை.

இம்மூன்றாவது கேள்வியைக் கேட்டவர் இலர் என்று எண்ணற்க. முன்னே கூறிய அதே லுண்ட் சர்வகலாசாலையில், கிறிஸ்டர் ஹைடேன் என்பார் 1987-இல் தம் டாக்டர் பட்டத்திற்கு ஓர் ஆராய்ச்சி நூல் வெளியிட்டார். ஒரு சந்திப்பு அபாயமானதா என்று அறிவதற்கு அங்கு மரணங்கள் நிகழும்வரை காத்திருத்தல் வேண்டுமோ என்பது அவ்வாராய்ச்சியின் அடிப்படை. ஒரு விபத்து நேருமுன், நூலிழையில் தப்பிய நிகழ்ச்சிகள் பல அவ்விடத்தில் நேர்ந்திருக்கும். பயிற்சி பெற்ற ஒருவர் சாலையோரத்தில் அமர்ந்து அவற்றை எண்ணலாம். எவ்வேகத்தில் வந்த வண்டி, மோதுதற்கு எத்தனை விநாடி இருக்கையில் விலகிற்று என்று குறித்துக்கொள்ளலாம். அக்கணக்கே அவ்விடத்தின் நோயைக் காட்டிவிடும். பின்னர் வேண்டிய மருந்து செய்யலாம். இதற்கு வேண்டிய சாதனங்கள் கூரிய கண்ணும், பொறுமையும், ஒரு குறிப்புப் புத்தகமுமே. கழுத்துப்பட்டையைப் பற்றி உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. இம்முறையைப் பற்றி எழுதின மிகச் சில. ஆயினும் பல தேசத்துச் சாலை எஞ்சினீயர்கள் அதனைக் கையாண்டு வருகின்றனர்.

சாலையைத் திருத்தினால் உண்மையிற் பயன் உண்டாகுமோ என ஐயுறுவார்க்கு ஹாலந்து தேசம் ஒரு விடை. இன்று அது சைக்கிள்களின் நாடு எனப் பெயர் பெற்றுள்ளது. ஆனால் 1971-ஆம் ஆண்டில் அச்சிறு நாட்டில் ஏறக்குறைய 3,300 பேர் சாலை விபத்துகளில் மாண்டனர். அவருள் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். தம் மகளை அவ்வாறு பறிகொடுத்த பத்திரிகையாசிரியர் விக் லாங்கன்ஹாஃப் என்பவர் 1972-இல் ‘குழந்தைக் கொலையை நிறுத்துக’ என்னும் தலைப்பிட்டு ஒரு கட்டுரை வரைந்தார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் வீதியில் இறங்கினர். குழந்தைகளும் உடன் வந்தனர். 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓடாதிருக்க அரசாங்கத்தார் விதித்தனர். வெறிச்சோடிய சாலைகளிற் குழந்தைகள் விளையாடக் கண்டு மக்கள் சிந்தித்தனர். 1976-இல் குடியிருப்பு வீதிகளில் நடப்போர்க்கும் விளையாடுவோர்க்கும் முதலிடம் தரும் சட்டம் பிறந்தது. 1983 முதல் மணிக்கு 30 கிலோமீட்டர் எல்லை விதித்த வட்டாரங்கள் தோன்றின. பெருஞ்சாலைகளின் ஓரமாகச் சைக்கிள்களுக்கெனத் தனிவழிகள் அமைந்தன.

இவற்றின் விளைவாக, 2022-இல் அந்நாட்டின் சாலை மரணங்கள் அனைத்தும் 750-க்கு உட்பட்டன. ஆயினும் அவ்வாண்டில் அங்கே சைக்கிளிற் சென்றோர் 291 பேர் மாண்டனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. மின்விசைச் சைக்கிளில் விரையும் முதியோர் அவர்களுக்குப் புதியதொரு கவலை ஆயினர். பணி முடிந்தது என்று எவரும் கை கட்டி அமர்தற்கு இல்லை. எனினும் அந்நாட்டில் வயது வந்தோர் பெரும்பாலும் கவசம் அணியாமலே சைக்கிள் ஏறுகின்றனர் என்பதை நினைக்கும்போது, காப்பு தலைமேல் உள்ளதினும் காலின்கீழ் உள்ளதே மிகுதி என்னும் உண்மை புலனாகும். மனிதன் பிழை செய்வான்; அப்பிழைக்கு மரணம் தண்டனையாகாதபடி சாலையை அமைத்தல் வேண்டும் என்பதே அவர்தம் கொள்கை. ஸ்வீடன் சட்டசபையும் 1997-இல் இத்தகைய கொள்கையைத் தனதாக்கிக்கொண்டது.

இனி நம் நாட்டை நோக்குவோம். சைக்கிள் இங்கே விளையாட்டுப் பொருள் அன்று, விடுதலைக் கருவி. 1991-ஆம் ஆண்டிற்குப் பின் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தனர். கல்லுடைக்கும் மாதரும், வயலில் உழைக்கும் மாதருமாகப் பல்லாயிரவர் சைக்கிள் ஏறக் கற்றனர். பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்தவர், தந்தையோ கணவரோ அழைத்துச் செல்லவேண்டும் என்றிருந்தவர், தாமே சந்தைக்கும் வேலைக்கும் சென்று மீண்டனர். பின்னர் 2001-02-ஆம் ஆண்டில் தொடங்கி, ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்குத் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் விலையின்றிச் சைக்கிள் வழங்கினர். நாளடைவில் ஏனை மேல்நிலைப் பள்ளி மாணாக்கர்க்கும் அது விரிந்தது. நம் கலாசாலை வாயிலில் நிற்கும் சைக்கிள்களுட் சில அவ்வாறு வந்தவை. பத்தாவதோடு நின்றிருக்கக்கூடிய படிப்பைப் பட்டம்வரை இழுத்து வந்த வண்டி அது.

வண்டி கொடுத்தோம், வழி கொடுத்தோமா? 2022-ஆம் ஆண்டில் இந்தியாவின் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய அரசாங்கத்தின் அறிக்கை கூறுகின்றது. அவருட் சைக்கிளிற் சென்றோர் நாலாயிரவர்க்கும் மேற்பட்டவர். ஒவ்வொரு மரணத்தின்போதும் ஊரார் சொல்லும் சொல் ஒன்றே: ‘பையன் பார்த்துப் போயிருக்க வேண்டும்.’ போலீஸார் ஓட்டுநர்மீது வழக்குத் தொடுப்பர். அவ்விடத்திற் சாலை ஏன் அவ்வாறு வளைந்தது, விளக்கு ஏன் எரியவில்லை, ஓரத்து மண் ஏன் அரையடி தாழ்ந்து கிடந்தது என்று கேட்பார் அரியர். இத்தனைக்கும் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 198-ஏ என்னும் பிரிவால், சாலையை விதிப்படி அமைக்கவும் காக்கவும் தவறி மரணமோ ஊனமோ விளைந்தால், அதற்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் குத்தகைக்காரர்க்கும் ஒரு லக்ஷ ரூபாய் வரையில் அபராதம் விதிக்க இடந்தருகின்றது. சாலையும் குற்றவாளியாகலாம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. ஆனால் குற்றத்தை மெய்ப்பிக்க அளவு வேண்டும், குறிப்பு வேண்டும். அதனைச் செய்வார் யார்?

நம் மாணாக்கர் செய்யலாம் என்பதே நமது கருத்து. எஞ்சினீயரிங் மாணாக்கர் மட்டுமல்லர். பௌதிகம், கணிதம், பொருளாதாரம், தமிழ் பயில்வோரும் இதற்கு உரியர். முதலாவதாக வேகத்தை அளக்கலாம். கலாசாலை வாயிலண்டை சாலையோரத்தில் 50 மீட்டர் இடைவெளியிட்டு இரு அடையாளங்கள் வைத்துக்கொள்க. ஒரு வண்டி அத்தூரத்தை 6 விநாடியிற் கடந்தால் அதன் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர், 3.6 விநாடியிற் கடந்தால் 50 கிலோமீட்டர். கையில் ஒரு கடிகாரம் போதும். நூறு வண்டிகளைக் குறித்தால் அவ்விடத்தின் இயல்பு விளங்கிவிடும்.

இரண்டாவதாகச் சாலையின் ஓரத்தை ஆராயலாம். வடிகால்களின்மேல் இட்டுள்ள இருப்புக் கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீண்டு கிடக்கின்றனவா, குறுக்காக உள்ளனவா என்று நோக்குக. நம் சாதாரணச் சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குல அகலம் உடையது. அதனினும் அகன்ற இடைவெளி நெடுக்காக இருக்குமாயின் சக்கரம் அதனுட் புதையும், ஏறியவன் முன்னே வீழ்வான். தார் முடியும் விளிம்பு மண்ணைவிட எத்தனை அங்குலம் உயர்ந்துள்ளது என்பதையும் ஓர் அளவுகோலால் அறியலாம். மூன்றாவதாக, அந்திப்பொழுதில் நின்று, செல்லும் சைக்கிள்களுள் எத்தனை விளக்கோ ஒளிதிருப்பும் பட்டையோ உடையவை என்று எண்ணலாம். இல்லாதவற்றுக்குப் பின்புற மட்கார்டிலும் பெடல்களிலும் அப்பட்டையை ஒட்டித் தரலாம். மேலும் கீழுமாய் அசையும் இரு ஒளிப்புள்ளிகளைக் கண்டதும், முன்னே செல்வது சைக்கிள் என்பதை ஓட்டுநர் எளிதில் அறிவர். நான்காவதாக, ஹைடேனின் முறையைப் பின்பற்றி, காலை ஒரு மணியும் மாலை ஒரு மணியும் சந்திப்பில் அமர்ந்து, நூலிழையில் தப்பியவற்றைக் குறித்து வைக்கலாம்.

ஒரு பருவம் இவ்வாறு உழைத்தால், நமது வாயிலுக்கு முன்னுள்ள சாலையைப் பற்றி எந்த அலுவலகத்திலும் இல்லாத ஓர் ஆவணம் நம் கையில் இருக்கும். அதனைத் திருத்தமான தமிழில் எழுதி நகரசபையார்க்கும் நெடுஞ்சாலை அதிகாரிகளுக்கும் சமர்ப்பித்தல் தமிழ் மாணாக்கர் பணியாகுக. ‘இவ்விடம் அபாயமானது, கருணை கூர்ந்து ஆவன செய்க’ என்னும் மனுக்கள் அவ்வலுவலகங்களிற் குவிந்து கிடக்கின்றன. ‘இவ்விடத்தில் நூறு வண்டிகளுள் இத்தனை வண்டி 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வருகின்றன, ஒரு மணி நேரத்தில் இத்தனை முறை மோதல் தப்பிற்று, வாயிலுக்கு இருபுறமும் வேகத்தடையும், கடக்குமிடத்தில் உயர்த்திய மேடையும், ஒரு விளக்கும் வேண்டும்’ என்று எழுதினால் அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வேண்டுகோள் மறக்கப்படும், அளவு மறக்கப்படாது.

இதற்குத் தடை கூறுவாரும் உளர். சைக்கிள்காரரே விதியை மீறுகின்றனர் அல்லரோ என்பர் சிலர். உண்மையே. டபுள்ஸ் ஏற்றிச் செல்வாரும், எதிர்ப்புறமாக வருவாரும், விளக்கின்றி இரவில் ஓட்டுவாரும் நம்முள் இருக்கின்றனர். அவர்தம் பிழையை நாம் மறைக்கவில்லை. முதல்வர் முதலாக நண்பர் ஈறாக எல்லாரும் அவர்க்குப் புத்தி கூறுதல் வேண்டும். ஆனால் ஒருவன் ஏன் எதிர்ப்புறமாக வருகின்றான் என்பதையும் சென்று பாருங்கள். எதிர்ச்சாரிக்குக் கடப்பதற்கு வழியின்றி நடுச்சுவர் ஒரு கிலோமீட்டர் நீண்டு கிடக்கும். குற்றமும் சில வேளைகளிற் சாலையினாலேயே விளைகின்றது.

மற்றும் சிலர், பரீக்ஷகர் ஒரு கருவியையன்றோ காண விரும்புவர், வெறும் எண்களைக் காட்டினால் மதிப்பெண் இடுவரோ என்பர். இது ஆசிரியர்களை நோக்கிய வினா. நாமே அதற்கு விடை கூறுதல் வேண்டும். மேசைமீது மின்னும் ஒரு விளக்கிற்கு இடும் மதிப்பினும், ஒரு வேகத்தடை அமையக் காரணமாயிருந்த பதினாறு பக்கக் குறிப்பிற்கு மிகுதியான மதிப்பு இடுவோமாக. அங்ஙனம் இட்டால் அடுத்த ஆண்டு மாணாக்கர் கடையில் உதிரிகளைத் தேடிப்போகாமல் சாலைக்குப் போவர். கருவி செய்தல் வேண்டா என்பது நம் கருத்தன்று. எமிலியின் விளக்குப்போல, விபத்து நேரும் விதத்தை முற்ற ஆராய்ந்த பின் பிறக்கும் கருவியை நாம் வரவேற்கின்றோம். ஆராயாது பிறக்கும் கருவியையே மறுக்கின்றோம்.

பழைய மாணாக்கர்க்கும் ஒரு சொல். உங்களிற் பலர் இன்று அரசாங்க அலுவல்களிலும், நகரசபைகளிலும், எஞ்சினீயர் பதவிகளிலும் அமர்ந்திருக்கின்றீர்கள். இவ்வாயிலைச் சைக்கிளிற் கடந்த நாட்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். உங்கள் மேசைக்கு ஒரு சாலையின் திட்டம் வரும்போது, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி புத்தகப்பையைக் கேரியரில் வைத்துக்கொண்டு அதன்வழியே எங்ஙனம் செல்வாள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அக்கேள்விக்கு அத்திட்டத்தில் விடை இல்லையாயின் கையொப்பமிடாதீர்கள்.

நாளை மாலையும் மணி ஒலிக்கும். மரநிழலிலிருந்து சைக்கிள்கள் புறப்படும். வாயிலைக் கடந்ததும் அடங்கும் அப்பேச்சு, வீடு சேரும்வரை அடங்காதிருக்கும்படி ஒரு சாலையை அமைத்தல் நம் தலைமுறையின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. அதன் முதல் வேலை ஒரு கடிகாரத்தோடும் குறிப்புப் புத்தகத்தோடும் அவ்வாயிலில் நிற்பதே. அதற்கு இவ்வாண்டே நம் மாணாக்கர் முன்வருவாராக.